ஒரே அட்டவணையில் 33 பள்ளிகள்

1971ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலப் பள்ளிக் கூடைப்பந்துப் போட்டியின் கடைசி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்த இரண்டு அணிகளும் சிகாகோவின் தெற்குப் புறநகரைச் சேர்ந்தவை. ஒன்று டால்டன் ஊரின் தார்ன்ரிட்ஜ். இன்னொன்று ஓக் லான். இரண்டுக்கும் நடுவே காரில் போனால் அரை மணி நேரம். சின்னப் பள்ளி, பெரிய பள்ளி என்று பிரித்து நடத்தும் வழக்கம் அப்போது வரவில்லை. மாநிலத்துக்கே ஒரே கோப்பை. 52-50 என்று தார்ன்ரிட்ஜ் அதைத் தட்டிக்கொண்டு போனது. மறு ஆண்டு அதே தார்ன்ரிட்ஜ் 33 ஆட்டங்கள் ஆடி 33-ஐயும் வென்றது. இறுதி ஆட்டத்தில் குயின்சி பள்ளியை 104-69 என்று துவைத்தெடுத்தது. இல்லினாயில் பள்ளிக் கூடைப்பந்து பற்றிப் பேச்சு எழுந்தால், இதுவரை வந்ததிலேயே சிறந்த அணி எது என்ற கேள்விக்கு முதலில் விழும் பெயர் இன்றும் அந்த 1972 தார்ன்ரிட்ஜ்தான்.

அதே 1972-இல் தெற்குப் புறநகர்ப் பள்ளிகள் ஒன்றுகூடி சவுத் இன்டர்-கான்ஃபரன்ஸ் அசோசியேஷன் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. சுருக்கமாக எஸ்.ஐ.சி.ஏ. 34 ஆண்டுகள் இருந்தது. உச்சத்தில் 33 பள்ளிகள், ஐந்து பிரிவுகள். 2006-இல் மூன்றாக உடைந்தது.

எங்கோ ஒரு புறநகரின் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு உடைந்ததைப் பற்றித் தமிழில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நான் இந்தப் பகுதியில் வெகுகாலமாகக் குடியிருக்கிறேன். என் பிள்ளைகள் இருவரும் இங்கேதான் படித்தார்கள், இங்கேதான் ஓடினார்கள். மூத்தவன் பழைய கூட்டமைப்பின் கடைசிக் காலத்தில். இளையவள் அது உடைந்த பிறகு. ஒரே வீடு, ஒரே பள்ளி. ஆனால் மகன் அறிந்த தெற்குப் புறநகர் வேறு, மகள் அறிந்தது வேறு. அவனுக்குக் கிடைத்த ஊர்களில் பாதி அவளுக்குக் கிடைக்கவில்லை. அது எப்படி நடந்தது என்று தேடிப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு கொஞ்சம் புதிதாக இருக்கும். நம்மூரில் பள்ளி விளையாட்டுக்குக் கல்வித் துறை ஒரு பாதை போட்டு வைத்திருக்கிறது. குறுவட்டத்தில் ஜெயித்தால் வருவாய் மாவட்டம், அங்கே ஜெயித்தால் மேலே மாநிலம் வரை. யாரோடு மோதுவது என்பதில் பி.டி. வாத்தியாருக்கும் தலைமை ஆசிரியருக்கும் பேச்சே கிடையாது. இல்லினாயில் மாநிலப் போட்டியை மட்டும் ஐ.எச்.எஸ்.ஏ. என்ற பொது அமைப்பு நடத்துகிறது. மற்றபடி சீசன் முழுக்க வாராவாரம் யாரோடு ஆடுவது என்பதைப் பள்ளிகளே தங்களுக்குள் கூடிப் பேசி வைத்துக்கொள்கின்றன. அந்தக் கூட்டுக்குத்தான் கான்ஃபரன்ஸ் என்று பெயர். சேருவதும் விருப்பம், விலகுவதும் விருப்பம்.

கேட்க எளிமையாக இருக்கிறது. நடைமுறையில் அது பெரிய இயந்திரம். கூடைப்பந்து மட்டும் என்றாலே ஒன்பதாம் வகுப்பு அணி, பத்தாம் வகுப்பு அணி, பள்ளியின் முதன்மை அணி என்று தனித்தனியாக இருக்கும். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. அதோடு ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து இல்லை, அமெரிக்கக் கால்பந்து), மல்யுத்தம், நீச்சல், டென்னிஸ், வாலிபால், தடகளம். அத்தனைக்கும் தேதி வேண்டும், நடுவர் வேண்டும், பஸ் வேண்டும். கூட்டமைப்பு இல்லாத பள்ளியின் விளையாட்டு இயக்குநர் ஆண்டு முழுக்க போனைப் பிடித்துக்கொண்டு, ‘அந்த வெள்ளிக்கிழமை உங்களுக்குக் காலியா’ என்று ஒவ்வொரு பள்ளியாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். கூட்டமைப்பில் இருந்தால் அட்டவணை தானாக வந்து விழும். அந்த அட்டவணையில் இன்னொரு குணமும் உண்டு. யாரோடு ஆட வேண்டும் என்று பிள்ளைகள் தேர்ந்தெடுப்பதில்லை, பெற்றோரும் தேர்ந்தெடுப்பதில்லை. செவ்வாய்க்கிழமை ஹார்வி ஊர்ப் பள்ளி என்று போட்டிருந்தால் செவ்வாய்க்கிழமை ஹார்விக்குப் போயே ஆக வேண்டும்.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகப் படுகிறது என்றால், இங்கே மற்ற எல்லாமே தேர்ந்தெடுத்துப் பிரிந்து கிடக்கிறது. சிகாகோவுக்குத் தெற்கே ஊருக்கு ஊர் சொந்த நகராட்சி, சொந்தப் பள்ளி மாவட்டம் (பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம்). பள்ளிக்கான பணத்தில் பெரும்பகுதி அந்தந்தப் பகுதியின் வீட்டு வரி, சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு விலை அதிகமுள்ள ஊரில் குறைந்த விகிதத்தில் வரி போட்டாலே பள்ளி நிறைவாக ஓடும். ஆலை மூடிய ஊரில் வரி விகிதத்தை ஏற்றிக்கொண்டே போனாலும் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகும். வரி ஏறினால் கடை போகும், கடை போனால் வரி இன்னும் ஏறும். நம்மவர்கள் வீடு பார்க்கும்போதும் முதலில் திறந்து பார்ப்பது பள்ளியின் மதிப்பெண்ணைத்தான். பத்துக்கு எட்டு இருந்தால்தான் அந்த ஊர்ப் பக்கமே கார் திரும்பும். இப்படிப் பிரிந்து வாழும் ஊர்ப் பிள்ளைகள் ஒருவரையொருவர் முகம் பார்க்க இருந்த இடம் இந்த அட்டவணைதான்.

தார்ன்ரிட்ஜ் கதையை இங்கே கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். அந்த அணியின் தலைவன் குவின் பக்னர், பீனிக்ஸ் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். அரிசோனாவின் பீனிக்ஸ் இல்லை. ஹார்விக்கும் சவுத் ஹாலண்டுக்கும் இடையில் நெருக்கிக்கொண்டு நிற்கும் கறுப்பின மக்களின் சின்னஞ்சிறு கிராமம். அந்த ஊர்ப் பிள்ளைகளையும் வெள்ளையர் வாழ்ந்த சவுத் ஹாலண்ட் பிள்ளைகளையும் தனித்தனித் தொடக்கப் பள்ளிகளில் வைத்திருந்த 151ஆம் எண் பள்ளி மாவட்டத்தின் மீது மத்திய அரசு வழக்குப் போட்டது. 1968-இல் நீதிபதி ஜூலியஸ் ஹாஃப்மன், பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்க வைக்கச் சொல்லித் தீர்ப்பளித்தார். தென் மாநிலங்களில்தான் இப்படியெல்லாம் நடக்கும் என்று வட மாநிலத்தார் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. வடக்கே மத்திய அரசு தொடுத்த இந்த வகை வழக்குகளில் இது முதல் வரிசையில் வருவது. தீர்ப்பு வந்த நான்கே ஆண்டுகளில், அதே பீனிக்ஸிலிருந்து வந்த ஒரு பையன் தலைமையில், கறுப்பின மாணவர்களும் வெள்ளையின மாணவர்களும் சேர்ந்து ஆடிய அணி மாநிலத்தையே உருட்டிப்போட்டது. ஒரு கோப்பையால் ஊர் திருந்திவிடவில்லை. டால்டனிலும் சவுத் ஹாலண்டிலும் அடுத்தடுத்து வந்த ஆண்டுகளில் வெள்ளையர் குடும்பங்கள் வீட்டை விற்றுக்கொண்டு மேற்கே போனார்கள். ஆனாலும் அந்த இரண்டு பருவங்கள் நடந்தன. பக்னர் பிறகு இந்தியானா பல்கலைக்கழகத்துக்காக 1976-இல் தேசியப் பட்டம் வென்றார். அதே ஆண்டு மான்ட்ரியாலில் ஒலிம்பிக் தங்கம். 1984-இல் பாஸ்டன் செல்டிக்ஸோடு என்.பி.ஏ. என்ற தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் பட்டம்.

(டால்டன் என்றதும் இப்போது உலகத்துக்கு வேறொருவர் நினைவுக்கு வருவார். 2025-இல் போப் ஆன பதினான்காம் லியோ வளர்ந்தது அந்த ஊரில்தான். அவர் மேல்நிலைப் படிப்புக்கு மிச்சிகனில் உள்ள குருமடத்துக்குப் போய்விட்டதால் தார்ன்ரிட்ஜ் அவரை உரிமை கொண்டாட முடியாது.)

எஸ்.ஐ.சி.ஏ. வளர்ந்த வேகம் இந்தப் பகுதி வளர்ந்த வேகம்தான். கிழக்கே இந்தியானா எல்லையை ஒட்டிய கால்யுமெட் சிட்டி, மேற்கே போலிங்புரூக், தெற்கே கான்ககீ, வடக்கே சம்மிட் ஊரின் ஆர்கோ பள்ளி. மூவாயிரத்துக்கும் மேல் மாணவர் கொண்ட ஓர்லண்ட் பார்க்கின் சாண்ட்பர்க்கும், ஆயிரத்தை ஒட்டிய எவர்கிரீன் பார்க்கும் ஒரே பெயரின் கீழ் இருந்தன. பெரும்பாலான ஆட்டங்கள் அவரவர் பிரிவுக்குள்தான். ஆனாலும் ஒரு குடைக்குள் இருப்பதால் பல பள்ளிகள் கூடும் பெரிய மீட்களில், பிரிவு விட்டுப் பிரிவு ஆடும் கிராஸ்ஓவர் ஆட்டங்களில், எல்லாரும் எல்லாரையும் எப்போதாவது சந்தித்துவிடுவார்கள்.

அந்தக் குடைக்குள்ளிருந்து வந்த ஆட்களைப் பாருங்கள். ஒலிம்பியா ஃபீல்ட்ஸின் ரிச் சென்ட்ரலிலிருந்து என்.பி.ஏ.வில் ஆடிய கெண்டல் கில். ஹார்வியின் தார்ன்டனிலிருந்து பின்னாளில் தொழில்முறை ஃபுட்பால் ஆடிய அன்ட்வான் ரேண்டில் எல். இந்த தார்ன்டன்தான் 1995-இல் கெவின் கார்னெட் ஆடிய ஃபராகட் பள்ளியை மாநிலக் காலிறுதியில் வீட்டுக்கு அனுப்பியது. கார்னெட் அங்கிருந்து நேராக என்.பி.ஏ.வுக்குப் போனார். ஓக் லானின் ரிச்சர்ட்ஸ் பள்ளியிலிருந்து டுவெய்ன் வேட், சவுத் ஹாலண்டின் தார்ன்வுட்டிலிருந்து எடி கரி, இருவரும் பின்னாளில் என்.பி.ஏ. ஆட்டக்காரர்கள். வேட் 2000-இல் படிப்பை முடித்தார், கரி 2001-இல். இரண்டு பேரும் ஒரே காலத்தில் ஒரே கூட்டமைப்பின் ஜிம்களில் ஓடிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கும். வெள்ளிக்கிழமை இரவு ஐந்து டாலரோ என்னவோ கொடுத்து இவர்களைப் பார்த்தவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இனி உடைந்த கதை. அதன் வேர் மைதானத்தில் இல்லை. சிகாகோவின் தென்கிழக்கு மூலையில் விஸ்கான்சின் ஸ்டீல் 1980-இல் மூடியது. யு.எஸ். ஸ்டீலின் சவுத் வொர்க்ஸ் ஆலை தேய்ந்து தேய்ந்து 1992-இல் மூடியது. கான்ககீயில் அடுப்பும் வாட்டர் ஹீட்டரும் செய்த பெரிய ஆலைகள் எண்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டன. ஆலைச் சம்பளத்தில் வீடு வாங்கிய ஊர்கள் நொடித்துப்போயின. அதே நேரத்தில் மேற்கே வில் கவுன்டியின் சோளக் காடுகளில் புது வீடுகள் முளைத்தன. ஃபிராங்ஃபர்ட், நியூ லெனாக்ஸ் பக்கம் ஒரே பள்ளியாக இருந்த லிங்கன்-வே 2001-இல் இரண்டாகப் பிரிந்தது. கிழக்கே இடங்கள் காலியாகிக்கொண்டே வர, மேற்கே இடம் போதாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரே கூட்டமைப்பின் இரண்டு பக்கமும் இப்படி எதிரெதிர்த் திசையில் இழுத்தன.

பிரிய வேண்டும் என்றவர்கள் சொன்ன காரணங்களை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். 33 பள்ளிகளின் ஆட்களை ஒரே மேசையில் உட்கார வைத்து ஒரு முடிவு எடுப்பது உண்மையிலேயே தலைவேதனை. தூரம் பற்றிச் சொன்னதும் பொய்யில்லை. அந்தச் சமயத்தில் லெமாண்ட் ராமர் கோயில் கேன்டீனில் தோசைக்குக் காத்திருந்தபோது ஒரு நண்பர் என்னிடம் பொரிந்து தள்ளினார்.

“அண்ணே, செவ்வாய்க்கிழமை மேட்சுன்னா என் பொண்ணு ராத்திரி பத்து மணிக்கு வந்து இறங்குறா. அதுக்கப்புறம் குளிச்சு, சாப்பிட்டு, கெமிஸ்ட்ரி ஹோம்வொர்க். காலையில ஏழு மணிக்குத் திரும்ப பஸ். தூரத்தைக் குறைக்கணும்னு கேக்குறது தப்பா?”

“தப்பில்லை தம்பி. குறைக்கட்டும். ஆனா குறையுதான்னு பாருங்க” என்றேன்.

அதற்கு மேல் ஃபுட்பால் இருக்கிறது. அமெரிக்கப் பள்ளிகளில் மற்ற விளையாட்டெல்லாம் ஃபுட்பாலின் வாலைப் பிடித்துத்தான் போகும். அன்றைய விதி இது: இல்லினாயில் ஒரு பள்ளி சீசனில் ஒன்பது ஆட்டம் ஆடும். ஆறு ஜெயித்தால் மாநிலப் பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்று) உறுதி. ஐந்து ஜெயித்தால், எதிரணிகள் எத்தனை ஜெயித்தன என்ற கணக்கைப் பொறுத்து வாய்ப்பு. மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்துப் பள்ளிகளைப் பிரித்த எட்டு வகுப்புகள், வகுப்புக்கு 32 அணிகள். ஆக ஒவ்வொரு பள்ளிக்கும் கேள்வி ஒன்றுதான்: ஐந்தாறு வெற்றி எங்கிருந்து வரும்? வலுவான அணிகளோடு ஒரே பிரிவில் மாட்டிக்கொண்டால் நல்ல அணியும் மூன்று வெற்றியோடு வீட்டுக்குப் போகும். இந்த ஒரு விதி இல்லினாய் முழுக்கப் பள்ளிக் கூட்டமைப்புகளைக் கலைத்துக் கலைத்து அடுக்க வைத்திருக்கிறது. கலைத்தல் தாங்காமல், 2018 டிசம்பரில் ஃபுட்பாலுக்குக் கூட்டமைப்பே வேண்டாம், ஐ.எச்.எஸ்.ஏ.வே மாவட்டம் பிரித்து அட்டவணை போடட்டும் என்று பள்ளிகள் வாக்களித்தன. 2021-இல் நடைமுறைக்கு வர வேண்டியது. அதற்குள் 2019 டிசம்பரிலேயே இன்னொரு வாக்கெடுப்பு வைத்து அதைத் தூக்கிவிட்டார்கள். யாரோடு ஆடுவது என்பதைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கக் கடைசியில் மனம் வரவில்லை.

சரி, 2006-இல் கோடு எப்படி விழுந்தது?

மேற்குப் பக்கம் சவுத்வெஸ்ட் சபர்பன் கான்ஃபரன்ஸ்: சாண்ட்பர்க், ஸ்டாக், ஆண்ட்ரூ, லிங்கன்-வேயின் இரண்டு பள்ளிகள், லாக்போர்ட், ஜோலியட், போலிங்புரூக், பிராட்லி-பூர்பனே, ஹோம்வுட்-ஃப்ளாஸ்மோர். நடுவே சவுத் சபர்பன் கான்ஃபரன்ஸ்: ஓக் லான், ரிச்சர்ட்ஸ், ஐசன்ஹோவர், ஷெப்பர்ட், ரீவிஸ், ஆர்கோ, எவர்கிரீன் பார்க், பிரெமன், டின்லி பார்க், ஓக் ஃபாரஸ்ட், ஹில்க்ரெஸ்ட், தார்ன்டன் ஃபிராக்‌ஷனலின் இரண்டு பள்ளிகள்; புதிதாக லெமாண்டும் வந்து சேர்ந்தது. மிச்சமிருந்தவை சவுத்லாண்ட் கான்ஃபரன்ஸ்: தார்ன்டன், தார்ன்ரிட்ஜ், தார்ன்வுட், ரிச் பெயரில் இருந்த மூன்று பள்ளிகள், புளூம், புளூம் டிரெயில், கிரீட்-மோனி, கான்ககீ.

வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலைப் பாருங்கள். கான்ககீ, பிராட்லி, பூர்பனே மூன்றும் ஒட்டிப்பிறந்த ஊர்கள். ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குவது பலகையைப் பார்த்தால்தான் தெரியும். எஸ்.ஐ.சி.ஏ.வில் இருந்த அங்குள்ள இரண்டு பள்ளிகளில் பிராட்லி-பூர்பனே மேற்குக் கூட்டமைப்புக்குப் போனது, கான்ககீ சவுத்லாண்டுக்கு. கூட்டமைப்பு அட்டவணையில் பக்கத்து வீடு இல்லாத பிராட்லி, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பஸ்ஸில் உட்கார்ந்து போலிங்புரூக் போய் ஆட வேண்டும். ஹோம்வுட்-ஃப்ளாஸ்மோருக்குப் பக்கத்து ஊர் ஒலிம்பியா ஃபீல்ட்ஸின் ரிச் சென்ட்ரல். அந்தப் பள்ளியைத் தாண்டிக்கொண்டு அவர்கள் லாக்போர்ட்டுக்கும் ஜோலியட்டுக்கும் பயணம் போனார்கள். தூரத்தைக் குறைக்கத்தான் பிரிந்தோம் என்றால் இந்தக் கோடுகளை எப்படி விளக்குவது?

தொட்டுக்கொண்டிருக்கும் ஊர்களுக்கு நடுவே கோடு விழுந்த இடங்களில் ஒரு பக்கம் காசும் மாணவர் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டிருந்த பள்ளி, இன்னொரு பக்கம் இறங்கிக்கொண்டிருந்த பள்ளி. சவுத்லாண்டில் சேர்ந்தவற்றில் பெரும்பாலானவை கறுப்பின மாணவர்கள் பெரும்பான்மையாகப் படித்த பள்ளிகள். இது இனத்தைப் பார்த்துப் பிரித்தது என்ற குற்றச்சாட்டு அப்போதே பகிரங்கமாக எழுந்தது. இல்லவே இல்லை என்று மறுத்தவர்கள் கையிலும் சான்று இருந்தது: மேற்குக்குப் போன ஹோம்வுட்-ஃப்ளாஸ்மோரில் கறுப்பின மாணவர்கள் கணிசமாக இருந்தார்கள், நடுவில் இருந்த ஹில்க்ரெஸ்டிலும் தார்ன்டன் ஃபிராக்‌ஷனல் நார்த்திலும் அப்படியே. அது உண்மை. அறையில் உட்கார்ந்து வாக்களித்தவர்கள் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. விலகிப்போக இடம் இருந்தவர்கள் விலகினார்கள். அவர்கள் போன பிறகு மிச்சமாக நின்றவர்களுக்குத் தங்கள் பக்கத்து ஊர்களோடு ஆட அட்டவணை இல்லை. இதை முன்கூட்டியே யாரும் பார்க்கவில்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். பட்டியலை ஒரு முறை வாசித்தாலே தெரியும்.

அதே 2006 பிப்ரவரியில்தான் ஹார்வியின் ரேண்டில் எல், தொழில்முறை ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான சூப்பர் போலில் பிட்ஸ்பர்க்குக்காக ஆடினார். பந்தைப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஆடும் அவர் 43 கெஜம் எறிந்து டச்டவுன் போட வைத்தார். சூப்பர் போலில் அந்த இடத்து ஆட்டக்காரர் ஒருவர் டச்டவுன் எறிந்தது அதுவே முதல் முறை. தெற்குப் புறநகர் முழுக்க, எந்த ஊர் என்ற பேதமில்லாமல், ‘நம்ம பையன்’ என்று கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டம் ஓய்ந்து சில மாதங்களில் ஹார்வியின் பெயர் பாதிப் பள்ளிகளின் அட்டவணையிலிருந்து போய்விட்டது.

என் வீட்டுக்கு வருகிறேன். மகன் குறுந்தூர ஓட்டக்காரன். பெரிய வேகம் இல்லை, ஆசை மட்டும் மலையளவு. ஒரு பிப்ரவரி மாதம் உள்ளரங்கத் தடகள மீட். வெளியே முழங்கால் பனி, உள்ளே ரப்பர் வாடையும் வியர்வை வாடையும். 55 மீட்டர் ஓட்டத்துக்கு ஸ்டார்ட்டிங் பிளாக்கை மாட்டத் தெரியாமல் இவன் திணறிக்கொண்டிருக்கிறான். பக்கத்து லேனில் ஹார்விப் பையன். தன்னுடையதை விட்டுவிட்டு இவனிடம் வந்தான். கோட்டிலிருந்து பாதத்துக்குப் பின் பாதமாக வைத்து அளந்தான்: இரண்டு பாதம் தள்ளி முன் கட்டை, மூன்று பாதம் தள்ளிப் பின் கட்டை. கட்டையை மாட்டிவிட்டு, அதன் மேல் ஏறி நின்று இரண்டு மிதி மிதித்து ஆடுகிறதா என்று பார்த்தான். பிறகு தன் லேனுக்குப் போய்த் தன்னுடையதை மாட்டினான். வெடி போட்டதும் இவனைவிட வெகு முன்னால் போய் முடித்தான். முடித்துத் திரும்பி வந்து, “எழுந்ததும் நிமிர்ந்துடுற. பத்தடி வரைக்கும் தலையைத் தூக்காதே” என்று சொல்லிவிட்டுப் போனான். என் மகனுக்குப் பயிற்சியாளர் சொல்லி ஏறாதது அன்றைக்கு ஏறியது. அதற்கப்புறம் எந்த மீட்டுக்குப் போனாலும் இறங்கியதும் இவன் கண் அந்த அணியின் ஜெர்சியைத்தான் தேடும். ஹார்வியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிற்கக்கூட யோசிக்கும் எங்கள் தெருக்காரர்களிடம், “அங்கே என் ஃபிரெண்ட் இருக்கான்” என்று பதினாறு வயதில் சொன்னவன் அவன்.

மகள் நான்கு ஆண்டுகள் ஓடினாள். அண்ணனைவிட நன்றாகவே ஓடினாள். அந்த நான்கு ஆண்டுகளில் ஹார்விக்கோ டால்டனுக்கோ அவளுடைய பஸ் ஒரு முறைகூடப் போகவில்லை. பள்ளியில் யாரும் போகக் கூடாது என்று சொல்லவில்லை. அட்டவணையில் இல்லை, அவ்வளவுதான். அவளுக்கு அந்த ஊர்கள் இரவுச் செய்தியில் துப்பாக்கிச் சூட்டோடு சேர்த்து வரும் பெயர்கள். வீட்டிலிருந்து 159ஆம் தெருவைப் பிடித்துக் கிழக்கே போனால் இருபது நிமிடத்தில் வரும் ஊர்கள் அவை. ஒரு நாள் அண்ணன் அந்தப் பிளாக் கதையைச் சொன்னபோது, “அவங்களோட நீங்க எப்படி ஓடினீங்க?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் தவறே இல்லை. அவளுக்கு அந்தப் பள்ளிகள் வேறொரு மாநிலம் போலத்தான்.

பிரிந்ததால் சவுத்லாண்ட் பள்ளிகளின் ஆட்டம் கெட்டுப்போனது என்று யாராவது நினைத்தால் அது தவறு. கிரீட்-மோனி 2012-இல் தோல்வியே இல்லாமல் 6ஏ வகுப்பு ஃபுட்பால் பட்டம் வென்றது. திறமைக்கு அங்கே என்றைக்கும் குறைவு வந்ததில்லை. குறைந்தது, அவர்களைப் பார்க்க வரும் கண்கள்.

பிரிந்துபோனவர்களுக்கும் எதிர்பார்த்ததெல்லாம் கிடைத்துவிடவில்லை. மேற்கே வளர்ச்சி நிற்கவே நிற்காது என்று நம்பி 2008-இல் திறந்த லிங்கன்-வே நார்த், எட்டே ஆண்டுகளில், 2016-இல் பணமில்லாமல் மூடப்பட்டது. புத்தம் புதிய ஜிம், புத்தம் புதிய மைதானம். சவுத்வெஸ்ட் கூட்டமைப்பிலிருந்து ஜோலியட் வேறு இடம் பார்த்துப் போனது. கிழக்கே பார்க் ஃபாரஸ்டின் ரிச் ஈஸ்ட் 2020-இல் மூடியது. மற்ற இரண்டு ரிச் பள்ளிகளையும் சேர்த்து ஒரே பெயரில் இரு வளாகங்களாக நடத்துகிறார்கள். இன்றைக்கு இருக்கும் மூன்று கூட்டமைப்புகளும் இதே வடிவில் பத்து ஆண்டு நிற்கும் என்று எந்த விளையாட்டு இயக்குநரும் எழுதிக் கொடுக்கமாட்டார்.

பழைய எஸ்.ஐ.சி.ஏ.வைத் திரும்பக் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. 33 பள்ளிகளைக் கட்டி மேய்ப்பது நடக்காத காரியம் என்பது அதன் கடைசி ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. ஃபுட்பாலைத் தொடவும் வேண்டாம்; அந்தப் பிளேஆஃப் கணக்கில் கை வைத்தால் ஊரே எழுந்துவிடும். தடகளத்திலும் கூடைப்பந்திலும் வாலிபாலிலும் கூட்டமைப்புக்கு வெளியே ஆட எல்லாப் பள்ளிகளுக்கும் தேதிகள் உண்டு. இப்போது அந்தத் தேதிகளை, தூரத்து மேற்குப் புறநகர்ப் பள்ளிகளுக்கும் விடுமுறைக் காலப் போட்டிகளுக்கும் கொடுக்கிறார்கள். அதில் இரண்டு தேதியை ஒதுக்கி வைத்தால் போதும். பிராட்லி கான்ககீயோடு ஆடட்டும். ஹோம்வுட்-ஃப்ளாஸ்மோர் ரிச்சோடு ஆடட்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் 159ஆம் தெருவில் கிழக்கே இருபது நிமிடம் போய் ஹார்வியில் ஆடட்டும். ஓர் ஆண்டு அங்கே, மறு ஆண்டு இங்கே. பஸ்ஸுக்கு டீசல்கூட மிச்சமாகும்.

எங்கள் பள்ளி நிர்வாகக் குழுவின் மாதக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்கள். அடுத்த கூட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். என் பிள்ளைகள் இருவரும் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள் என்பதால் அங்கே என் பேச்சுக்குப் பெரிய எடை இருக்காது. இப்போது அந்தப் பள்ளியில் பிள்ளைகளை வைத்திருக்கும் நம்மவர்கள் நாலைந்து பேர் கூட வந்து உட்கார்ந்தால் நன்றாக இருக்கும். தேதியும் இடமும் மாவட்டத்தின் இணையதளத்தில் இருக்கிறது. அடுத்த பருவத்துக்கான அட்டவணை குளிர்காலத்துக்குள் பூட்டப்பட்டுவிடும். அதற்கு முன் கேட்டாக வேண்டும்.